தொப்பை ஒரு சுரப்பி

சென்னை நங்கநல்லூரில் 50 வயதைக் கடந்த ஒருவர் பொது மருத்துவரிடம் போனால் எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சுகர், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் புரட்டுவார்கள். வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளப்பது அரிது. உயரத்துக்கு ஏற்ற எடைதான் என்று தெரிந்துவிட்டால், இதயத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆபத்தில்லை என்று இரு தரப்பும் நிம்மதி அடைகின்றன. அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எங்கே சேர்ந்திருக்கிறது, அங்கிருந்து ரத்தத்தில் எதைக் கலக்கிறது என்பதே இதயத்தைப் பெரிதும் பாதிக்கிறது. கடந்த 30 ஆண்டுகளில் உலகெங்கும் சேர்ந்த சான்றுகள் இதைச் சொல்கின்றன. நம் உடல்வாகுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று காட்டிய சான்றுகளில் முக்கியமான சில சென்னையிலேயே, தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் ராயபுரத்திலும் திரட்டப்பட்டவை. அவற்றை முழுமனதாக ஏற்றுக்கொண்டால், இதய நோயைத் தடுக்க நாம் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவிகளில் ஒன்று தையற்கடை டேப்.

கொழுப்புத் திசுவை மருத்துவம் நெடுங்காலம் ஒரு கிடங்காகவே பார்த்தது. மிஞ்சிய உணவு அங்கே போய்ச் சேரும். பட்டினி வந்தால் எடுத்துச் செலவிடப்படும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினுக்கான மரபணுவைக் கண்டுபிடித்ததும் அந்தப் பார்வை சரிந்தது. கொழுப்பு செல்களில் உருவாகி, ரத்தத்தில் பயணம் செய்து, மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய், இருப்பு போதும், பசியைக் குறைத்துக்கொள் என்று சொல்லும் ஹார்மோன் அது. தைராய்டைப் போலக் கொழுப்புத் திசுவும் ஒரு நாளமில்லாச் சுரப்பிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1995-ல் அமெரிக்காவில் ஃபிலிப் ஷெரரும், அடுத்த ஆண்டு ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தனித்தனியே இன்னொரு ஹார்மோனைக் கண்டார்கள். அதற்கு அடிபோனெக்டின் என்ற பெயர் நிலைத்தது. லெப்டின் ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் இருக்கிறது. அடிபோனெக்டின் மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்கிறது. இவற்றோடு இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள், ரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருள் என்று ஒரு நீண்ட வரிசையே கொழுப்புத் திசுவிலிருந்து வெளிவருகிறது.

இவற்றில் விந்தையானது அடிபோனெக்டின். அதைச் சுரப்பதே கொழுப்பு செல்தான்; ஆனால் கொழுப்பு கூடக்கூட, குறிப்பாக வயிற்றுக்குள் கூடக்கூட, அதன் அளவு குறைந்துகொண்டே போகிறது. தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் சிறு சிறு செல்களாகப் பெருகிச் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. அங்கே இடம் போதாமல் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு வழிந்து சேரும்போது கதை மாறுகிறது. செல்கள் அளவுமீறி உப்புகின்றன, அவற்றுக்கு ஆக்ஸிஜன் போதுவதில்லை, மடிந்த செல்களை அகற்ற மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. பருத்த உடலின் கொழுப்பில் இவை குவிவதை 2003-ல் வெளிவந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் எடுத்துக் காட்டின. அழற்சிப் புரதங்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போவதால் முதல் அடி அங்கே விழுகிறது. கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை மிகுதியாகத் தயாரிக்கிறது. இன்சுலினின் சொல்லைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரைத் தளர்வாக வைத்திருப்பது நைட்ரிக் ஆக்சைடு. அதன் உற்பத்திக்கு உதவும் அடிபோனெக்டினோ இந்த நேரத்தில் குறைந்துபோயிருக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுவதும் கொலஸ்ட்ரால் உள்ளே புகுந்து படிவதும் எளிதாகின்றன. லெப்டின் ஏறியே நிற்கிறது. பசியைக் குறை என்ற அதன் செய்திக்கு மூளை செவிசாய்ப்பதை விட்டுவிடுகிறது. ஆனால் பரிவு நரம்புகளைத் தூண்டி ரத்த அழுத்தத்தை ஏற்றும் அதன் வேலை மட்டும் தொடர்கிறது.

வயிற்றைத் தாண்டி இதயத்தின் மேலேயே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் அதற்குள் புதைந்துதான் ஓடுகின்றன. குழாய்க்கும் கொழுப்புக்கும் இடையே பிரிக்கும் சவ்வு எதுவும் இல்லை. பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிடம் இதயத்தின் மேலிருந்து ஒரு துளி கொழுப்பையும், ரத்தக் குழாயை எடுக்கக் காலைத் திறந்தபோது அங்கிருந்து ஒரு துளி கொழுப்பையும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2003-ல் வெளிவந்தது. ஒரே மனிதர், ஒரே உணவு, ஒரே ரத்தம். காலின் கொழுப்பைவிட இதயத்தின் மேலிருந்த கொழுப்பில் அழற்சிப் புரதங்கள் மிக அதிகமாக இருந்தன. கொழுப்பு இருக்கும் இடமே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இந்தியர்களுக்கு இதில் ஏன் கூடுதல் பங்கு என்பதற்குப் புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் தம் உடலையே சான்றாக வைத்தார். 2004-ல் லான்செட் இதழில் அவரும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) இருவருக்கும் ஒன்றே: 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடைக்கருவியைக் கேட்டால் இருவரும் ஒன்று. உள்ளே இருக்கும் சுரப்பியின் அளவோ இரண்டு மடங்குக்கு மேல் வேறு. இது நடுவயதில் வந்த தொப்பையின் கணக்கு மட்டும் இல்லை. புனேயிலும் லண்டனிலும் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை யாஜ்னிக்கின் குழு ஒப்பிட்டு 2002-ல் வெளியிட்டது. எடையில் வெகுவாகக் குறைந்திருந்த இந்தியக் குழந்தைகளின் ரத்தத்தில் லெப்டின், எடை மிகுந்த லண்டன் குழந்தைகளுக்கு நிகராக இருந்தது. இன்சுலின் அவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. தசையும் உறுப்புகளும் சிறுத்தபோதும் கொழுப்பு தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. இத்தகைய சான்றுகள் சேர்ந்ததால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல், ஆசியர்களுக்கு ஆபத்து, உடல் நிறை குறியீடு 23-லேயே தொடங்குகிறது என்று பரிந்துரைத்தது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு 58.8. மாரடைப்போடு உடல் நிறை குறியீட்டைவிட இடுப்புக்கும் புட்டத்துக்குமான விகிதம்தான் நெருக்கமாகப் பொருந்தியது.

சென்னைக்கு வருவோம். 1996-ல் டாக்டர் வி. மோகன் தலைமையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று திருமங்கலம் ஏஷியாட் காலனி, நடுத்தர வருவாய். மற்றது தியாகராய நகர் பாரதி நகர், குறைந்த வருவாய். 1,262 பேரைப் பரிசோதித்ததில் 11 சதவீதத்தினருக்குக் கரோனரி இதய நோய் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் அது 21.4 சதவீதம். நீரிழிவு ஏஷியாட் காலனியில் 12.4 சதவீதம், பாரதி நகரில் 6.5 சதவீதம். வசதிக்கு வரும் நோய் என்று சொல்லிவிட அப்போது இடமிருந்தது. பத்தாண்டு கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. பாரதி நகரிலும் நீரிழிவு 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இந்த நோய்களுக்கும் கொழுப்பின் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பும் இதே நகரில் சோதிக்கப்பட்டது. ராயபுரத்தில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் சி. ஸ்நேகலதாவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அடிபோனெக்டின் குறைவாக இருப்பது பின்னால் நீரிழிவு வரப்போவதைத் தனித்து முன்னறிவித்தது. 26,001 பேரைக் கொண்டு 2001-ல் தொடங்கிய மோகன் குழுவின் பெரிய ஆய்வின் ஒரு பகுதியாக 2005-ல் வெளிவந்த கட்டுரை, தொப்பை, டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒன்றாகச் சேர்ந்து வரும் வளர்சிதை மாற்றக் கோளாறுக்கும் அடிபோனெக்டின் குறைவுக்கும் உள்ள தொடர்பைச் சென்னைவாசிகளிடம் நிறுவியது. மாரடைப்புக்கு முன்னே வரும் கோளாறுகளும் அவற்றுக்குப் பின்னே நிற்கும் சுரப்பியும் நம் தெருக்களிலேயே அடையாளம் காணப்பட்டுவிட்டன.

கொழுப்பின் அளவுதான் காரணம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு அமெரிக்கச் சோதனை பதில் சொல்கிறது. உடல் பருத்த 15 பெண்களுக்கு வயிற்றின் தோலுக்கடியில் இருந்த கொழுப்பை, ஏறக்குறைய 10 கிலோவை, உறிஞ்சி எடுத்தார்கள். வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் வேலை செய்யும் விதம் மாறவில்லை. ரத்த அழுத்தம், அழற்சிப் புரதங்கள், அடிபோனெக்டின் எதுவும் அசையவில்லை. 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த முடிவு இது. அதே எடையை நடந்தும் உணவைக் குறைத்தும் இழந்திருந்தால் அத்தனையும் மேம்பட்டிருக்கும் என்று முந்தைய அனுபவம் சொல்கிறது. வித்தியாசம் இதுதான்: உறிஞ்சு குழாய் தோலடியோடு நின்றுவிடுகிறது, உடல் தானாகக் கொழுப்பைச் செலவிடும்போது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் இருப்பதும் கரைகிறது.

இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி மரபியலிலிருந்து வருகிறது. பிறப்பிலேயே அடிபோனெக்டின் கூடுதலாக இருக்கும்படி மரபணு அமைந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வர வேண்டுமல்லவா? பல்லாயிரம் பேரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு பார்த்ததில் அப்படிப்பட்ட பாதுகாப்பு தெரியவில்லை. அதோடு நாட்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள நோயாளிகளில் அடிபோனெக்டின் கூடுதலாக இருப்பவர்களே விரைவில் இறக்கிறார்கள் என்று 2005-ல் டென்மார்க்கில் இருந்து வந்த ஆய்வு காட்டியது. இந்த இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டியது இது: அடிபோனெக்டின் குறைவு பெரும்பாலும் உள்ளே நடக்கும் சீர்கேட்டின் அறிகுறி, அதுவே தனிக் குற்றவாளி என்பதற்குச் சான்று போதாது. ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை அடிபோனெக்டினை உயர்த்தியது. ஆனால் மாரடைப்பு அபாயம் குறித்த அச்சத்தால் 2010-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஒரு ஹார்மோனின் எண்ணை உயர்த்துவதும் இதயத்தைக் காப்பதும் ஒன்றாகிவிடாது.

ஆனால் ஒரு ஹார்மோன் வழக்கிலிருந்து விடுபட்டால் சுரப்பியே விடுபட்டுவிடாது. கொழுப்புத் திசுவில் இருந்து கிளம்பும் இன்டர்லூக்கின்-6-ஐ எடுத்துக்கொண்டால், அதன் செய்தி பலவீனமாகப் போய்ச் சேரும்படி மரபணு அமைந்தவர்களுக்குக் கரோனரி நோய் குறைவாகவே வருகிறது என்பதை 2012-ல் வெளிவந்த பெரும் மரபியல் ஆய்வுகள் காட்டின. மாரடைப்பு வந்து மீண்ட 10,061 பேரிடம் 2017-ல் முடிந்த கேன்டோஸ் சோதனை, கொலஸ்ட்ராலைத் தொடாமல் இந்த அழற்சிச் சங்கிலியை மட்டும் ஒரு மருந்தால் தடுத்தது. நடுத்தர அளவில் மருந்து பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை 15 சதவீதம் குறைந்தன. அழற்சி வெறும் அறிகுறி அன்று, காரணமும்தான் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. வயிற்றுக் கொழுப்பு அந்த அழற்சியின் ஓயாத ஊற்றுகளில் ஒன்று.

கொலஸ்ட்ராலும் புகையிலையும் ரத்த அழுத்தமும்தானே மாரடைப்பின் உண்மையான காரணங்கள், கொழுப்பின் ஹார்மோன்களைப் பேசி கவனத்தைத் திருப்பலாமா என்று இதய மருத்துவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மூன்றையும் யாரும் கீழே இறக்கவில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட வேண்டியவர் சாப்பிட்டே ஆக வேண்டும். பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில் லெப்டினுக்கும் ஆஞ்சியோடென்சினுக்கும் பங்கு இருக்கிறது. டிரைகிளிசரைடு மிகுவதிலும் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் தாழ்வதிலும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்ந்துபோவதிலும் வயிற்றுக் கொழுப்புக்குப் பங்கு இருக்கிறது. எல்டிஎல் 110 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஆறுதல் அடையும் நடுவயதுக்காரருக்கு டிரைகிளிசரைடு 220-ஆகவும், எச்டிஎல் 34-ஆகவும், இடுப்பு 98 சென்டிமீட்டராகவும் இருந்தால், அந்த ஒரு எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

அப்படியானால் லெப்டின், அடிபோனெக்டின் டெஸ்ட்டுகளை ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சேர்த்துவிடலாமா? வேண்டாம். அவற்றை அளப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. நோயாளியின் பணம்தான் குறையும். இந்த ஹார்மோன்களைப் பற்றிய அறிவின் பயன், எதை அளக்க வேண்டும் என்று அது நமக்குச் சொல்வதில் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவின் வரம்பு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் வயிற்றுக்குள் சுரப்பி பெருத்திருக்கிறது என்று கொள்ளலாம். பேண்ட் சைஸை வைத்து இதைக் கணிக்கக் கூடாது. தொப்பை பெருக்கப் பெருக்கப் பேண்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்கிறது. இருபது வருடமாக 34 சைஸ்தான் என்பவரின் வயிறு 40 அங்குலமாக இருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவதால், எடை மாறாமலே இந்த அளவு ஏறிவிடும். 45 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து எழுதி வைப்பது அவசியம்.

உடல்வாகே பிறப்பில் வந்தது என்றால் என்ன செய்துவிட முடியும் என்று கைவிரிப்பவர்களுக்கும் சென்னையே பதில் வைத்திருக்கிறது. நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை ராமச்சந்திரனின் குழு மூன்று ஆண்டு பின்தொடர்ந்தது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் தொடர்ந்து கற்பிக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. 2006-ல் வெளிவந்த இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பது. எடைக்கருவி எதையும் காட்டாதபோதும் உள்ளே நன்மை நடந்திருக்கிறது. எடை இறங்கவில்லையே என்று இரண்டு மாதத்தில் வாக்கிங்கை விட்டுவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. புதிய மருந்துகளும் இதையே உறுதிசெய்கின்றன. 17,604 பேரிடம் நடந்த செலக்ட் சோதனையில் எடையைக் குறைக்கும் செமாகுளுட்டைட் ஊசி இதய நிகழ்வுகளை 20 சதவீதம் குறைத்தது. அந்த நன்மை எடை எவ்வளவு குறைந்தது என்பதைச் சார்ந்திருக்கவில்லை, இடுப்பு குறைந்ததோடு ஓரளவு தொடர்பு கொண்டிருந்தது என்று பின்னால் வந்த பகுப்பாய்வு காட்டியது. ஊசி தேவைப்படுபவர்களுக்கு ஊசி. ஆனால் ஒரு நகரம் முழுவதற்கும் அது தீர்வாக முடியாது. சென்னைவாசிகளின் தினசரி கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்று மோகன் குழு கணக்கிட்டிருக்கிறது. காலையில் இட்லி, மதியம் சாதம், மாலை டிபன், இரவு தோசை என்று நான்கு வேளையும் ஒரே தானியம் சுற்றி வரும் வீட்டில், ஒரு வேளைச் சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டலோ கீரைக்கூட்டோ வைப்பதில் தொடங்கலாம்.

தனி மனிதரின் உறுதி மட்டும் போதாது என்பதையும் ஏஷியாட் காலனி காட்டியது. ஆய்வுக் குழு வந்து போனபின் அந்தக் குடியிருப்பு மக்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் தொடக்கத்தில் 14.2 சதவீதம், ஏழு ஆண்டு கழித்து 58.7 சதவீதம். பாரதி நகரில் பத்தாண்டில் நீரிழிவு இரு மடங்கைத் தாண்டியபோது ஏஷியாட் காலனியில் சிறிதே ஏறியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடக்க இடம் இருந்தால் மக்கள் நடப்பார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது. அரசின் பங்கும் சிறியதன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். தொற்றாநோய்களுக்கான தேசிய மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்பளவுக்கு ஏற்கெனவே மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. படிவத்தில் இருக்கும் அந்தக் கட்டம் ஒவ்வொரு வீட்டிலும் நிரப்பப்பட வேண்டும். தனியார் கிளினிக்கில் பிரஷருக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் எழுதப்பட வேண்டும்.

நங்கநல்லூர் இதில் முன்னே நிற்கத் தகுந்த ஊர். சென்னை மாநகராட்சியோடு இணைவதற்கு முன், ஆலந்தூர் நகராட்சியாக இருந்த காலத்தில், குடியிருப்போர் நலச் சங்கங்களின் ஒத்துழைப்போடு வீட்டுக்கு வீடு முன்பணம் கட்டிப் பாதாளச் சாக்கடையைக் கொண்டுவந்த பகுதி இது. பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த, சங்கங்கள் உயிரோடு இயங்கும் தெருக்கள் இங்கே உண்டு. அந்தச் சங்கங்கள் மாதம் ஒரு ஞாயிறு டேப்போடு உட்கார்ந்து தங்கள் தெருவின் இடுப்பளவுகளைக் குறித்து வைக்கலாம். வாகனங்கள் அடைத்துக்கொண்டிருக்கும் நடைபாதைகளை மீட்டுத் தரும்படி மாநகராட்சியைக் கேட்கலாம். வயிற்றுக்குள் இருக்கும் இந்தச் சுரப்பி பிரஷராகவும் சுகராகவும் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இடுப்பில் தெரிந்துவிடுகிறது. அந்த ஆண்டுகள்தான் மாரடைப்பைத் தடுக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதை எடைக்கருவியின் பொய்யான ஆறுதலில் கழித்துவிடக் கூடாது.